எதிரே வருகிறவன் சொல்லும் சேதி

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் இன்றைக்கு நிற்கிற ஷேர் ஆட்டோ ஸ்டாண்டை உண்டாக்கியவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் ஒரகடத்தில் கம்பெனிக்காரர்கள் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, இந்த ரோட்டில் ஒருநாள் ஜனம் அலைமோதும் என்று கண்டுகொண்டவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். படித்தவர்கள் எல்லாம் நிலத்தை விற்றுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் செங்கல் லோடு அடித்துக்கொண்டிருந்த டெம்போவை விற்றுவிட்டு முதல் ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினேன். என்னைப் பார்த்து ஒருவன் வந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். இன்றைக்கு வரிசை மேம்பாலத்துக்கு அடிவரைக்கும் போகிறது. போலீஸாரிடம் பேசி இடம் வாங்கியது நான். போர்டில் தலைவர் என்று போட்டிருப்பது என்னைத்தான்.

இத்தனையும் செய்தவன் பேச்சை இந்த ஸ்டாண்டில் ஒருத்தன் கேட்பானா என்றால், மாட்டான். எதிர்த்துப் பேசுவார்கள் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்துப் பேசினால் சட்டையைப் பிடித்துவிடலாம். நான் சொல்வதை எல்லாம் தலையை ஆட்டிக் கேட்பார்கள். வண்டியை எடுத்து ஆப்பூரைத் தாண்டுவதற்குள், எதிரே எவனாவது வருவான். அவன் ஒரு கையைக் காட்டுவான். அவ்வளவுதான். என் பேச்சு ரோட்டோரம் விழுந்துவிடும்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம். எதிரெதிரே வரும் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் தாண்டிப் போகும்போது, டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சேதி சொல்லாமல் போகமாட்டார்கள். விரல்களை விரித்து ஆட்டினால், நான் வந்த பக்கம் கூட்டம் இருக்கிறது என்று பொருள். கையைக் கவிழ்த்துத் துடைப்பதுபோல் காட்டினால் அங்கே ஈ காக்கை இல்லை. உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் தொப்பிக்காரர்கள் நிற்கிறார்கள், வண்டிச் சோதனை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. சண்டைக்காரனாக இருந்தாலும் தலையில் தட்டிவிட்டுத்தான் போவான். 

இதில் கோளாறு எங்கே என்றால், காலை நேரத்தில்தான். எங்கள் ரோட்டுக்கு இரண்டு முனை. ஸ்டேஷன் முனையில் ரயிலில் வந்து இறங்கும் ஜெனரல் ஷிப்ட் ஜனம். ஒரகடம் முனையில் நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் ஜனம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம். காலி வண்டி ஓட்ட எவனுக்கும் மனசு வராது. ஆகவே ஒவ்வொருவனும் எந்த முனையில் கூட்டம் என்று எதிரே வருகிறவன் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வான். அவனோ கூட்டத்தைப் பார்த்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதை நம்பி இவன் போய்ச் சேரும்போது அங்கே வெறும் தரை. இவனுக்கு இன்று சேதி சொன்னவன் நாளைக்குச் சொல்லமாட்டான், வேறொருவன் சொல்வான். யார் யாரைச் சந்திக்கிறான் என்பது சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே இருக்கும். எவனைப் பிடித்து அடக்கினால் எல்லாரும் அடங்குவார்கள் என்று எனக்கு இவ்வளவு காலத்திலும் பிடிபடவே இல்லை. எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வயர் கம்பெனி மேடம் ஸ்டாண்டுக்கு வந்தார்.

காருக்குள் போகும் வயர்களைக் கட்டுகட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து எங்கள் வண்டியில் போவார்கள். மேடம் சின்ன வயது, ஆள் எடுக்கிற இலாகா. கழுத்தில் அட்டை தொங்கியது.

"இங்க யாருங்கய்யா ஹெட்?" என்றார்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அவனும் இங்கேதான் ஓட்டுகிறான். அவன் முந்திக்கொண்டான். "ஹெட்டு இவருதான் மேடம். பாடிதான் இவரு சொல்றத கேக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவனை முறைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. பிள்ளைகள் லேட்டாக வருகிறார்கள், பாதிப் பேர் வராமல் லைன் ஸ்டார்ட் ஆகவில்லை, கேட்டால் ஆட்டோ கிடைக்கவில்லை என்கிறார்கள், ஆகவே கம்பெனியே ஸ்டேஷனுக்குப் பஸ் விடலாமா என்று மேலே கேட்கிறார்கள் என்றார். "பஸ் விட்டா உங்க எல்லாருக்கும் கஷ்டம்னு தெரியும். அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒரு கம்பெனி பஸ் விட்டால் பக்கத்துக் கம்பெனி சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக விடுவான். காலை ஜனம் போய்விட்டால் இந்த ஸ்டாண்டில் மிச்சம் இருப்பது வல்லக்கோட்டைக் கோவிலுக்குப் போகிற கூட்டம்தான். அது கிருத்திகைக்குக் கிருத்திகை வரும். இத்தனை குடும்பமும் எதைத் தின்பது?

"மேடம், ஒரு பத்து நாளு டைம் குடுங்க. ஒரு புள்ள லேட்டா வந்தா என்னிய கேளுங்க. இந்த ஸ்டாண்ட நான் ஒரு கையில ஓட்டுவேன்" என்றேன்.

"சரிங்கய்யா. பத்து நாள் டிரையல். பார்த்துட்டு எழுதறேன்" என்று போய்விட்டார்.

அவர் போனதும் கூட்டம் போட்டேன். வரிசைப்படி எடுக்க வேண்டும், ஒரகடத்தில் இறக்கியதும் நைட் ஷிப்டுக்காகக் காத்துக் கிடக்காமல் திரும்ப வேண்டும் என்றேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கி ஓட்டுகிற ஒருவன் இருக்கிறான். கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பிவிட, ஆட்டோவுக்கு வந்தவன். பள்ளிக்கூடம் முடித்தவன், போனில் கெட்டிக்காரன். அவன் எழுந்தான்.

"அண்ணாச்சி, கையக் காட்டி எந்தக் காலத்துல சேதி சொல்லுதது? நான் போன்ல ஒரு குரூப்பு போடுதேன். எவன் எங்க கூட்டத்தப் பாத்தாலும் உடனே போட்டுருவான். எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுட்டுன்னா அப்புறம் என்ன சிக்கலு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சேதி பழசாகிப்போவதுதானே கோளாறு? உடனுக்குடன் தெரிந்தால் சரியாகிவிடும் அல்லவா? நானே எல்லாரையும் சேர்க்கச் சொன்னேன்.

மறுநாள் காலை, ஒரகடத்தில் நைட் ஷிப்ட் வெளியே வருவதை எவனோ ஒருவன் குரூப்பில் சொன்னான். குரலிலேயே போட்டான். 'அள்ளுது, அள்ளுது' என்று. முன்பெல்லாம் அந்தச் சேதி ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போய், பாதி வழியில் நீர்த்துப்போகும். இப்போது ஒரே நொடியில் எல்லார் பையிலும் மணி அடித்தது. வரிசையில் நின்றவன்கூட அரைகுறையாக ஏற்றிக்கொண்டு பறந்தான். ரயில் வந்து நின்றபோது ஸ்டாண்டில் இருந்தது நானும் டயர் பஞ்சரான ஒரு வண்டியும்.

பெண் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வழக்கமாக என் வண்டியில் வருகிற ஒரு பெண், வாய் கொஞ்சம் நீளம், டிபன் பையை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இன்னாண்ணா, வண்டியெல்லாம் எங்க? ஒரு கையில ஓட்டுவேன்னு எங்க மேடமாண்ட சொன்னியாமே. அந்தக் கைய காட்டு பாப்போம்."

"வந்துடும்மா, இதோ வந்துடும்."

"எப்ப? நாங்க ரிட்டயர்டு ஆனப்புறமா?"

வந்தது. ஒரகடத்தில் போய் ஒருவருக்கொருவர் முட்டி நின்று, கூட்டத்தைப் பங்கு போட்டு, பாதி வண்டி காலியாக நின்ற பிறகு, எவனோ 'ஸ்டேஷன்ல அள்ளுது' என்று போட, மொத்தமும் இங்கே திரும்பி வந்தது. அதற்குள் பிள்ளைகள் பஸ்ஸிலும் தெரிந்தவன் பைக்கிலும் தொற்றிப் போய்விட்டார்கள். மொத்த ஸ்டாண்டும் ஊஞ்சல் மாதிரி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஆடியது. முன்பு கொஞ்சமாக ஆடியது, இப்போது முழுசாக ஆடியது. அன்றைக்கும் மறுநாளும் அதே கதைதான்.

குரூப்பைக் கலை என்றேன். நெல்லைக்காரன் கலைத்தான். சாயங்காலத்துக்குள் நான்கு குரூப் முளைத்துவிட்டது. குன்றத்தூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று, ஆப்பூர்க்காரர்களுக்கு ஒன்று, ஒன்றாக நாஸ்தா தின்பவர்களுக்கு ஒன்று. நான்காவது எதற்கு என்று கேட்டால் என்னைச் சேர்க்காமல் ஒன்று.

பிறகு இன்னொரு வேலை செய்தேன். ஒவ்வொரு கூட்டாளிக் கும்பலிலும் சொன்னால் கேட்கிற மாதிரி ஒருவனைப் பிடித்து, உன் ஆட்களை நீ அடக்கு என்று பொறுப்புக் கொடுத்தேன். கொத்தனார் வேலையில் மேஸ்திரி வைப்பது மாதிரி. இது ஒருநாள் வேலை செய்தது. இரண்டாம் நாள் பார்த்தால், நான் மேஸ்திரியாக்கியவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் பரோட்டாக் கடையில் தகராறு. அவன் ஆட்கள் எல்லாம் வேறு கும்பலுக்குப் போய்விட்டார்கள். இன்னொருவன் மச்சினிச்சி கல்யாணத்துக்கு லீவு. மூன்றாமவன் பேச்சைக் கேட்பவன் இப்போது அவனே ஒருவன்தான். செங்கல் என்றால் வைத்த இடத்தில் இருக்கும். இவர்களை வைத்து எதைக் கட்டுவது? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அதற்கு அடுத்த நாள்தான் நான் அந்தச் சோதனைச் சேதியைக் கிளப்பினேன்.

ரயில் வரப்போகிறது. ஸ்டாண்டில் வண்டி இல்லை. எல்லாம் ஒரகடம் கூட்டு ரோட்டில் நைட் ஷிப்டுக்காகக் குந்திக்கொண்டிருந்தது. போன் போட்டால், 'தோ வர்றேன்' என்பான், வரமாட்டான். நெல்லைக்காரன் மட்டும் பக்கத்தில் இருந்தான். அவனிடம், "ஒரகடத்துல செக்கிங்குன்னு எல்லா குரூப்புலயும் போடு. எல்லாவனும் அங்கேர்ந்து அலறிக்கினு இங்க வருவான்" என்றேன்.

"அண்ணாச்சி, அது பொய்யில்லா?"

"பொய்தான். பொய் சொன்னாதான் ஆடும் இந்த ஸ்டாண்டு. போடு."

போட்டான். பொய்தான் சொன்னேன், இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தலைவன் என்று இருந்தால் நான்கையும் செய்துதான் பார்க்க வேண்டும். ஆனால் இந்த ரோட்டில் தலையில் தட்டுகிற சேதிக்கு இவ்வளவு கால் இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரகடத்தில் இருந்தவர்கள் இங்கே வரவில்லை. பயந்து பெட்ரோல் பங்குக்குப் பின்னாலும் சந்து பொந்திலும் வண்டியைச் சொருகி இன்ஜினை அணைத்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஸ்டேஷனிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாதி வழி போயிருந்த வண்டிகளுக்கும் சேதி போய்விட்டது. எங்கள் வண்டியில் ஏற்ற வேண்டிய ஆள் எத்தனை, ஏற்றுகிற ஆள் எத்தனை என்பது ஊருக்கே தெரியும். அவர்கள் ஆப்பூரில் ஏரிக்கரை ஓரமாகப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். 

பதறிப்போய், செக்கிங் இல்லை என்று போடச் சொன்னேன். எவனும் நம்பவில்லை. போனில் வருகிறது இல்லை என்கிறது, எதிரே வருகிறவன் தலையில் தட்டுகிறான். எதை நம்புவான்? கண்ணால் பார்த்த கையைத்தான் நம்புவான். அவன் தட்டியதைப் பார்த்து இவன் தட்ட, இவன் தட்டியதைப் பார்த்து இன்னொருவன் தட்ட, கடைசியில் என் மச்சான் வியர்த்து விறுவிறுத்து என் முன்னாலேயே வந்து வண்டியை நிறுத்தி உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"மாமா, வண்டி எடுக்காத. பயங்கர செக்கிங். என் கண்ணால பாத்தேன்."

"எங்கடா பார்த்த?"

"கூட்டு ரோட்டாண்ட. ஆறு பேரு கீறாங்கோ."

நான் கிளப்பிய பொய் ஆறு தொப்பிக்காரர்களோடு எனக்கே திரும்பி வந்தது. மச்சான் என்றும் பார்க்காமல் அடித்திருப்பேன். நெல்லைக்காரன்தான் இடையில் புகுந்தான்.

அன்றைக்கு வயர் கம்பெனியில் லைன் ஸ்டார்ட் ஆகவில்லை. மேடம் என்னைக் கம்பெனி கேட்டுக்குக் கூப்பிட்டார். செக்யூரிட்டி ரூமில் ஒரு நாற்காலிகூடப் போடாமல் நிறுத்திவைத்துப் பேசினார்.

"பஸ்ஸுக்கு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்லைங்கய்யா. நடு ரோட்டில பொண்ணுங்கள இறக்கி விட்டிருக்காங்க. மீதி நாள் இருக்குன்னுதான் பேசாம இருக்கேன். ஒரே ஒரு ஆட்டோதான் தினமும் கரெக்டா வருது. நீல கலர் தார்ப்பாய் போட்ட வண்டி. அவரை மாதிரி ஏன் மத்தவங்களால வர முடியல?"

நீலத் தார்ப்பாய் என்றதும் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்த ஆள் மறைமலைநகர்க்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். முறை மாற்றி ஏற்றிய தகராறில் ஸ்டாண்டில் எவனோடும் பேச்சு வார்த்தை இல்லை. எந்தக் குரூப்பிலும் கிடையாது. எதிரே எவன் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். கையைப் பார்த்தால்தானே சேதி! எவனும் எதுவும் சொல்லாததால் அவர் பாட்டுக்கு ஏற்றுவார், இறக்குவார், திரும்புவார்.

கேட்டிலிருந்து திரும்பி வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அவர் எனக்கு முன்னால் ஒரகடத்திலிருந்து காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டு ரோட்டில் காத்துக்கொண்டிருந்த ஒருவன் அவர் போவதைப் பார்த்தான். இந்த ஆள் காலியாகப் போகிறான் என்றால் ஸ்டேஷனில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. அவனும் வண்டியை எடுத்தான். பேச்சு இல்லாவிட்டாலும் பார்வை இருக்கிறதே! இவர்கள் ஒருவன் சொல்வதைக் கேட்பதைவிட, ஒருவன் போவதைப் பார்த்துப் போகிற ஜாதி. படித்தவனுக்கு இது தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றியது.

எல்லாரையும் அடக்க வேண்டாம். மூன்று வண்டி போதும். இடைவெளி விட்டு, ஒன்று இந்த முனையில் இருந்தால் ஒன்று அந்த முனையில், ஒன்று நடு வழியில். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும், இறக்கியதும் திரும்ப வேண்டும். எந்தக் கையையும் பார்க்கக் கூடாது. எவன் எவனோடு சேர்ந்தாலும், எந்தக் குரூப்பில் இருந்தாலும், ஒரு சுற்று முடிவதற்குள் இந்த மூன்றில் ஒன்று அவன் கண்ணில் பட்டே தீரும். இன்றைக்கு இது, நாளைக்கு அது, ஏதாவது ஒன்று.

ஒன்று நான். இரண்டாவது நெல்லைக்காரன். போன் புண்ணியத்தில் நடந்த கூத்துக்கு அவனுக்கு உறுத்தல் இருந்தது, ஒத்துக்கொண்டான். மூன்றாவது நீலத் தார்ப்பாய். அவரிடம் நான் பேசி வருஷக்கணக்காகிறது. போய் நின்றேன்.

"இன்னா?" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"இப்ப எப்டி ஓட்றீங்களோ அப்டியே ஓட்டுங்க. அத்த சொல்லத்தான் வந்தேன்."

"நீ சொல்லி நான் ஓட்டணுமா?"

"சரி, நான் சொல்லல. ஓட்டுங்க."

நானும் நெல்லைக்காரனும் காலி வண்டியை ஓட்ட ஆரம்பித்தோம். காலி வண்டி ஓட்டுவது எவ்வளவு அவமானம் என்பது ஓட்டியவனுக்குத்தான் தெரியும். எதிரே வருகிற ஒவ்வொருவனும் ஹாரன் அடித்துச் சிரித்தான். மச்சான் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"மாமா, காத்த ஏத்திக்கினு எங்க போற? அது டிக்கெட் குடுக்குமா?"

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் கூட்டம் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு நிமிஷம் நின்றால் வண்டி நிறையும். நிற்காமல் வர வேண்டும். கை ஹேண்டில்பாரில் இருக்கும், வயிறு எரியும். எதிரே விரலை விரித்து ஆட்டுகிறவன் முகத்தைப் பார்க்காமல் வருவதற்கு எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

ஆனால் வேலை செய்தது. முதல் நாள் கொஞ்சம். மறுநாள் நன்றாகவே தெரிந்தது. ஒரகடத்தில் குந்தியிருப்பவன் எங்களில் ஒருவர் திரும்புவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். ஸ்டேஷனில் எப்போதும் ஒரு நான்கைந்து வண்டி நின்றது, அங்கேயும் நான்கைந்து நின்றது. ஊஞ்சல் நின்றுவிட்டது. கேட்டால் ஒருவனும் என்னைப் பார்த்து வந்தேன் என்று சொல்லமாட்டான். 'எனக்கே தோணுச்சு, எடுத்தேன்' என்பான். தோன்றவைத்தவன் நான்!

டிரையல் முடிய ஒருநாள் இருக்கும்போது மேடம் மறுபடி கேட்டுக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை நாற்காலி போட்டார், டீ வந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சூப்பர்ங்கய்யா. ஒருத்தரும் லேட் இல்லை. குறிப்பா உங்க மூணு வண்டி. கடிகாரம் மாதிரி வருது. அதனால பஸ் வேணாம், அந்த மூணு வண்டியை மட்டும் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் எடுத்துக்கறோம். ஸ்டிக்கர் ஒட்டிடலாம். எங்க பொண்ணுங்க அதுல மட்டும்தான் ஏறணும்."

நான் டீயைக் கீழே வைத்தேன். 

"மேடம், அந்த மூணுலேயா? அந்த மூணு வண்டி பாதி நேரம் காலியால்ல போவுது. உங்க புள்ளைங்கள கொண்டாந்து வுட்றது மத்த வண்டிங்க. எங்க மூணு பேர பாத்துத்தான் அவனுங்க வர்றான். எங்கள பிரிச்சிட்டா அவனுங்க மறுபடி ஆடுவான். அந்தக் கூட்டத்த மூணு வண்டி தாங்காது."

"அவங்க ஏன் உங்களைப் பார்த்து வரணும்? நீங்க அவங்களுக்கு டைம் சொல்றீங்களா?"

"இல்ல மேடம், நான் சொன்னா கேக்கமாட்டான்."

"கேக்கமாட்டாங்கன்னா எப்படிங்கய்யா அவங்களை நம்பறது? உங்களை நம்பலாம்."

இதை எப்படி விளக்குவது? தலையில் இருக்கிறது, வாயில் வரவில்லை. படித்திருந்தால் ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டியிருப்பேன். வாழ்க்கையில் நான் படிக்காததற்கு வருத்தப்பட்டது அந்த ஒரு டீ ஆறுகிற நேரம் மட்டும்தான்.

"மேடம், நாளைக்கு காலையில ஸ்டேஷனுக்கு வாங்க. ஒரே ஒரு ரயிலுக்கு மத்த வண்டி ஒண்ணும் எடுக்காது. மூணு வண்டிய வெச்சு எத்தினி புள்ளைங்க போவுதுன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றேன்.

வருகிறேன் என்றார்.

சாயங்காலம் எல்லாரையும் டீக்கடையில் நிறுத்திச் சொன்னேன். நாளைக்கு அந்த ஒரு ரயிலுக்கு எவனும் ஆளை ஏற்றக் கூடாது. இன்ஜின் அணைத்து நிற்க வேண்டும். ஏற்றினால் அந்த மூன்று வண்டி போதும் என்று மேடம் எழுதிவிடுவார், மற்ற எல்லாருக்கும் காலை ஜனம் போச்சு. இவ்வளவுதான் விஷயம். புரிந்ததா என்றேன். எல்லாருக்கும் புரிந்தது. மச்சான் என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். "இதுக்குக்கூட ஒத்துமையா இல்லன்னா நாமெல்லாம் மனுசனா மாமா?"

காலையில் மேடம் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் வந்து நின்றார். ரயில் வந்தது. ஜனம் படி இறங்கியது. எங்கள் மூன்று வண்டியும் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்தது. மிச்ச ஜனம் அப்படியே நின்றது. மற்ற வண்டிகள் வரிசையாக, இன்ஜின் அணைத்து, அமைதியாக. எனக்கே கண் கலங்கிவிட்டது. இந்த ஸ்டாண்ட் என் பேச்சைக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. நான் வண்டியை எடுக்காமல், மேடத்தைப் பார்த்து, பாருங்கள் என்று கையை நீட்டினேன்.

அப்போது அந்த வாய் நீளமான பெண் கடைசியில் நின்ற வண்டிக்காரனிடம் போனாள். "யோவ், குந்திக்கினு வேடிக்கையா பாக்கற? லேட்டானா அரை நாளு லீவு போட்டுடுவான். எடுய்யா வண்டிய" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சாவியைத் திருகினான். அவ்வளவுதான். பக்கத்து வண்டிக்காரன் அந்தச் சத்தத்தைக் கேட்டான். அவனும் திருகினான். அதற்குப் பக்கத்தில், அதற்கும் பக்கத்தில். நான் ஓடினேன். "எடுக்காதீங்கடா, டேய், எடுக்காதீங்கடா" என்று ஒவ்வொரு வண்டி முகப்பிலும் அடித்துக்கொண்டே ஓடினேன். எல்லாரும் நிதானமாக ஏற்றிக்கொண்டு, ஒருவன் பின் ஒருவனாக, முட்டாமல் மோதாமல், என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாக மச்சான்.

"சத்தியம் பண்ணியேடா!"

"எல்லாரும் ஏத்திக்கினு போறாங்கோ மாமா. நான் மட்டும் நின்னா மேடம் இன்னா நெனைப்பாங்கோ?"

போய்விட்டான். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜனம் மிச்சமில்லை. நான் நடு ரோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். தொலைந்தது என்று நினைத்தேன்.

மேடம் பக்கத்தில் வந்தார். "மூணு வண்டி பத்தாதுதாங்கய்யா. நீங்க சொன்னது சரி. ஆனா பாருங்க, மொத்தமா கிளம்பினா எவ்வளவு சீக்கிரம் எல்லாரும் போயிட்டாங்க! நீங்க ஒவ்வொரு வண்டியா தட்டித் தட்டி அனுப்பினதை நானே பார்த்தேன். பஸ்ஸும் வேணாம், தனி கான்ட்ராக்டும் வேணாம். இப்படியே ஓட்டுங்க, நான் எழுதிடறேன்."

மறுக்க எனக்கென்ன பைத்தியமா? ஸ்டாண்ட் பிழைத்தது. "சரிங்க மேடம்" என்றேன்.

என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை நான் வரும்போது நெல்லைக்காரன் நைட் ஷிப்ட் கூட்டத்துக்காக ஒரகடம் போய்க் காத்திருப்பதாகச் சொன்னார்கள். போன் போட்டேன். "டிரையல்தான் முடிஞ்சுட்டுல்லா அண்ணாச்சி, இன்னும் எதுக்குக் காலியா ஓட்டணும்?" என்றான். நீலத் தார்ப்பாய் வரவே இல்லை. நேற்று ஏற்றிய குஷியில் எவனோ அவரோடு சமாதானம் ஆகி, இருவரும் வல்லக்கோட்டைக் கோவிலுக்குப் போயிருக்கிறார்களாம். இனிமேல் அவரும் எல்லார் கையையும் பார்ப்பார்.

பஸ் இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு வரும். மேடம் எழுதிய பேப்பரை மேடமே கிழிக்க ஒரு காலை போதும். இது எனக்குத் தெரிகிறது, வேறு எவனுக்கும் தெரியவில்லை. வரிசையில் முதலில் நின்றவனிடம் போனேன். "இன்னிக்கி ஒரு நாளு காலியா திரும்பறியா?" என்றேன். டீசல் யார் போடுவது என்றான். அடுத்தவனிடம் கேட்டேன். அவனுக்கு வீட்டில் விருந்தாளி. மூன்றாமவன் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே பின்னால் நின்றவனிடம் விரலை விரித்து ஆட்டினான். நான்காவது, மச்சான். அவனைக் கேட்பதில்லை என்றுதான் இருந்தேன். கேட்டேன்.

"இன்னிக்கி மட்டும்தான் மாமா. நாளைக்கி வேற ஆள பாத்துக்கோ" என்றான்.